நோட்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாதபோது: வித்தியாசத்தை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் எங்கள் மகளிர் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். அதனால் மாதக் கடைசியில் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக் கணக்கு நோட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலத்தெரு மதினி வந்தார். அவர் நோட்டில் பேங்க் இருப்பு 21,310. பாஸ்புக்கில் அச்சாகியிருந்தது 18,642.

"ஏம்மா, 2,668 ரூபா எங்கம்மா போச்சு? பேங்க்ல எடுத்துட்டாங்களா?"

"இருங்க மதினி, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்று உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது இது. காப்பி வியாபாரி தந்த 6,000 ரூபாய் செக்கைப் போட்ட அன்றே மதினி நோட்டில் வரவு எழுதிவிட்டார். பேங்கில் அது இன்னும் ஏறவில்லை. உரக்கடைக்கு அவர் கொடுத்த 3,500 ரூபாய் செக்கைக் கடைக்காரர் இன்னும் பேங்கில் போடவில்லை. ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் 236 கழிந்திருந்தது. வட்டி 113 ஏறியிருந்தது. இந்த இரண்டும் நோட்டில் இல்லை. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் 45 ரூபாய் இடித்தது. மளிகைக் கடைக்கு ஜிபேயில் கொடுத்த 172-ஐ நோட்டில் 127 என்று எழுதியிருந்தார்.

ஆக, 2,668 என்று ஒரு தொகை எங்கேயும் தொலையவில்லை. ஐந்து தனித்தனி விஷயங்களில் மூன்று பேங்க் இருப்பைக் கீழே இழுத்தன, இரண்டு மேலே தூக்கின, கடைசியில் நின்றது 2,668. நிறையப் பேர் இந்த மொத்தத் தொகையை நோட்டில் தேடித் தேடி அலுத்துப்போகிறார்கள். தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கும் தொகையை மட்டும் பாருங்கள். அந்த மிச்சத் தொகை பெரும்பாலும் தன் காரணத்தைத் தானே காட்டிவிடும்.

தேடத் தொடங்கும் முன்

பாஸ்புக்கை இன்றைய தேதி வரை அச்சிட்டுக்கொண்டு வாருங்கள். பல மாதம் அச்சிடாமல் விட்டால் சில பேங்குகளில் பழைய பதிவுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வரியாக வந்துவிடும். அப்படி வந்தால் அந்த மாதங்களுக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள். அச்சு ஒரு வரி மேல் இன்னொரு வரியாக விழுந்திருந்தாலும் ஸ்டேட்மென்ட்தான் வழி. 3-ஐ 8 என்று படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, நோட்டும் பாஸ்புக்கும் கடைசியாக எந்தத் தேதியில் ஒத்துப்போயின என்று கண்டுபிடியுங்கள். அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். தேட வேண்டியது கோட்டுக்குக் கீழே மட்டும்தான். இதுவரை ஒருநாளும் ஒத்துப்பார்த்ததே இல்லை என்றால், பழசை விட்டுவிட்டு இந்த மாதம் முதல் தேதியின் பாஸ்புக் இருப்பைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடக் கணக்கைத் தோண்டப் போனால் இந்த மாதக் கணக்கும் விட்டுப்போகும்.

அப்புறம் பென்சிலால் இரண்டிலும் உள்ளதற்கு டிக் போடுங்கள். டிக் விழாமல் நிற்பவை இரண்டு வகை. நோட்டில் இருந்து பாஸ்புக்கில் இல்லாதவை ஒன்று. இவை பெரும்பாலும் பேங்குக்கு இன்னும் போய்ச் சேராதவை. பாஸ்புக்கில் இருந்து நோட்டில் இல்லாதவை மற்றொன்று. இவை நீங்கள் எழுத மறந்தவை அல்லது பேங்க் தானே போட்டவை. முதல் வகையை வைத்து பாஸ்புக் இருப்பைத் திருத்துங்கள், இரண்டாம் வகையை வைத்து நோட்டு இருப்பைத் திருத்துங்கள். மதினி கணக்கில் பேங்க் பக்கம் 18,642-உடன் 6,000 கூட்டி 3,500 கழித்தால் 21,142. நோட்டுப் பக்கம் 21,310-ல் 236 கழித்து 113 கூட்டினால் 21,187. இடிப்பது 45.

நீங்கள் செய்யாத பற்று ஒன்று இருக்கிறது

இதைக் கண்டால் மற்றக் கணக்கை அப்படியே மூடி வையுங்கள். யாருக்கும் நீங்கள் அனுப்பாத, கட்டணம் என்றும் தெரியாத ஒரு தொகை கழிந்திருந்தால் உடனே பேங்குக்குச் சொல்லி கார்டையும் யுபிஐ-யையும் நிறுத்துங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் பேங்கினுடையதும் இல்லாமல் மூன்றாவது ஆள் செய்த மோசடியாக இருந்து, பேங்க் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆனால் இழப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். அதற்கும் மேலே போனால் அந்தந்த பேங்கின் கொள்கைப்படிதான். ஓடிபி-யையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் இழப்பு. கொடுத்த பிறகு போவது பேங்க் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதுகூட நஷ்டம்தான்.

புகாரை எழுத்தில் கொடுத்து நம்பர் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இடிக்கும் தொகை அப்படியே ஒரு பதிவாக இருக்கிறது

வித்தியாசம் 850 என்றால் முதலில் 850 என்ற பதிவைத் தேடுங்கள். பாஸ்புக்கில் இருந்து நோட்டில் இல்லையென்றால் விட்டுப்போனது. நோட்டில் இரண்டு இடத்தில் இருந்தால் இருமுறை எழுதியது. கணவனும் மனைவியும் ஒரே நோட்டில் எழுதும் வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம்: அவர் காலையில் எழுதியிருப்பார், இவர் ராத்திரி குறுந்தகவலைப் பார்த்து மறுபடி எழுதியிருப்பார்.

இடிக்கும் தொகையில் பாதி ஒரு பதிவாக இருக்கிறது

வரவைச் செலவுப் பக்கமோ, செலவை வரவுப் பக்கமோ எழுதினால் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு இடிக்கும். ஒரு வீட்டில் 3,000 இடித்தது. பாதி 1,500. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய 1,500-ஐச் செலவில் எழுதியிருந்தார்கள். பாஸ்புக்கில் பற்று, வரவு என்று பார்க்கும்போது வரும் குழப்பம் இது. மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நோட்டில் நீங்கள் சாமான் எடுத்தது பற்று, பணம் கட்டியது வரவு. பாஸ்புக்கும் அதேபோல பேங்கின் நோட்டு. நீங்கள் எடுத்தது பற்று, போட்டது வரவு. ஜிபேயில் அனுப்பினாலும் எடுத்ததுதான்.

இடிக்கும் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது

கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாக வைத்திருக்கும் வித்தை இது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் அப்பா. காப்பித் தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள் வருகை, கூலிப் பதிவேடு எழுதியவர். எத்தனை முறை பார்த்தாலும் இது வேலை செய்யும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ன் மடங்காக இருக்கும். 172-க்கு 127 எழுதினால் 45. 540-க்கு 450 எழுதினால் 90. அந்த வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு ஒற்றை இலக்கமாக இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்கள் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் அந்த ஈவு. மதினிக்கு 45-ஐ 9-ஆல் வகுத்தால் 5. ஆக 27, 38, 49, 16, 50 போன்ற முடிவுகள், அல்லது அவற்றின் தலைகீழ். அந்த மாதம் டிக் போட்ட வரிகளில் இப்படி முடிவது நான்குதான் இருந்தன. மூன்றாவதே அகப்பட்டது. இங்கே ஒன்று கவனியுங்கள்: டிக் போட்ட வரியில்தான் தவறு இருந்தது. கண் 127-ஐயும் 172-ஐயும் ஒன்றாகப் பார்த்து டிக் போட வைத்துவிட்டது. ஆகவே இந்தத் தேடலில் டிக் போட்டதை நம்பாமல் இலக்கம் இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள்.

ஈவு 10, 20, 30 என்று வந்தால் நூறும் பத்தும் இடம் மாறியவை. ஈவே ஒரு பதிவாக நோட்டில் இருந்தால் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது: 1,500-க்கு 150 எழுதினால் 1,350 இடிக்கும், அதை 9-ஆல் வகுத்தால் 150.

சும்மாவே ஒன்பதில் ஒரு எண் 9-ஆல் வகுபடத்தான் செய்யும். அதனால் இது வழிகாட்டி மட்டும். மற்ற காரணங்களை உரித்து எடுத்த பிறகு நிற்கும் மிச்சத்துக்குத்தான் பொருந்தும். மதினி 2,668-ஐ 9-ஆல் வகுத்திருந்தால் எதுவும் கிடைத்திருக்காது.

இடிக்கும் தொகையை 1.18-ஆல் வகுத்தால் முழு எண் வருகிறது

பேங்க் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதனால் 236 என்பது 200-ம் வரியும், 118 என்பது 100-ம் வரியும், 17.70 என்பது 15-ம் வரியும். பைசாவோடு விசித்திரமாக ஒரு தொகை நின்றால் செல்போனை எடுத்து 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 200, 100, 15 மாதிரி உருண்டையாக வந்தால் பெரும்பாலும் கட்டணம்தான்.

அடிக்கடி அகப்படுவது 27.14. அது ஏடிஎம்மில் இலவச எண்ணிக்கையைத் தாண்டி எடுத்ததற்கான 23 ரூபாயும் வரியும். எங்களைப் போல பெருநகரம் அல்லாத ஊர்களில் சொந்த பேங்க் ஏடிஎம்மில் மாதம் 5 முறையும் மற்ற பேங்க் ஏடிஎம்மில் 5 முறையும் இலவசம். அதற்கு மேல் அதிகபட்சம் 23 வாங்கலாம் என்று 2025 மே 1 முதல் உள்ளது. இருப்பு மட்டும் பார்த்தாலும் அது ஒரு முறையாகச் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. கொடைக்கானல் சீசனில் ஒரு ஏடிஎம்மில் பணம் இல்லை, அடுத்ததில் இல்லை என்று சுற்றும்போது எங்கே எத்தனை முறை எடுத்தோம் என்பதே மறந்துவிடும். கடனுக்கோ சீட்டுக்கோ தானாகக் கழியும் தவணை அன்று கணக்கில் பணம் இல்லையென்றாலும் கட்டணம் விழும். அதைக் கண்டால் தொகையை எழுதுவதோடு நிற்காமல் தவணைத் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். காப்பிப் பணம் வரும் நாளும் தவணை நாளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருப்பதால்தான் எங்கள் ஊரில் இந்தக் கட்டணம் திரும்பத் திரும்ப விழுகிறது.

மே கடைசியில் 436, 20 அல்லது 456 குறைகிறது

பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436, சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20. இரண்டும் சேர்ந்தால் 456. ஜூன் 1 முதல் மே 31 வரைக்கான பிரீமியம், அதனால் மே கடைசியில் எடுப்பார்கள். இது நல்ல செலவு. எழுதி வைத்துவிட்டு, வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் உங்களுக்கு இரண்டு பேங்கில் கணக்கு இருந்து இரண்டிலும் கழிந்தால், ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு காப்பீடுதான் செல்லும், இரண்டாவது பணம் வீண்.

நோட்டைவிட பேங்கில் அதிகமாக இருக்கிறது

சந்தோஷப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த செக் யாரிடமோ இருக்கிறது. செக் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அந்த மூன்று மாதத்தில் எந்த நாளும் அவர் போடலாம். அதுவரை அந்தப் பணம் உங்களுடையதல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தில் செக் நம்பர், தேதி, யாருக்கு, எவ்வளவு என்று எழுதி, கழிந்ததும் அடித்துவிடுங்கள்.

செக் இல்லையென்றால் வட்டியாக இருக்கும், அல்லது நீங்கள் கவனிக்காத அரசு வரவு: விவசாயிகளுக்கான பிஎம் கிசான் 2,000, மகளிர் உரிமைத்தொகை 1,000, கேஸ் மானியம். இது எதுவுமே இல்லாமல் அறியாத இடத்திலிருந்து பணம் ஏறியிருந்தால் செலவு செய்யாதீர்கள். "தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது போன் செய்தால் நீங்களே அனுப்பவும் வேண்டாம். பேங்கில் எழுதிக் கொடுத்து அவர்கள் வழியாகத் திருப்புங்கள்.

ஜிபேயில் போனது, ஆனால் அவருக்குப் போய்ச் சேரவில்லை

மலையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் ஸ்பீக்கரில் சத்தம் வராது, நமக்குக் கழிந்ததாகக் குறுந்தகவல் வந்துவிடும். அந்த அவசரத்தில் பலரும் மறுபடி அனுப்புகிறார்கள். அனுப்பாதீர்கள். கையில் காசு இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் கடனாகச் சொல்லிவிட்டு, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து நிலையைப் பாருங்கள். வெற்றி, தோல்வி, நிலுவை என்ற மூன்றில் ஒன்று இருக்கும். நிலுவை என்றால் காத்திருக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியது சேரவில்லையென்றால் கழிந்த நாளுக்கு மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் பேங்க் நமக்குத் தர வேண்டும், நாம் கேட்காமலேயே. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் அதே 5 நாள், அதே 100 ரூபாய். ஏடிஎம் சீட்டை அது வரை தூக்கிப் போடாதீர்கள். சீட்டு வரவில்லையென்றால் இடம், நேரம், தொகையை எழுதி வையுங்கள்.

கணக்கில் இதை எப்படி எழுதுவது? பாஸ்புக்கில் இரண்டு வரி இருக்கும்: போனது பற்று, திரும்பியது வரவு. நோட்டிலும் இரண்டு வரி எழுதுங்கள், "திரும்பியது" என்று பக்கத்தில் குறித்து. "அதுதான் நடக்கவேயில்லையே" என்று இரண்டையும் விட்டுவிட்டால் இருப்பு ஒத்துப்போகும், ஆனால் பணம் வேறு மாதத்தில் திரும்பினால் இரண்டு மாதமும் இடிக்கும். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. போனிலும் இருக்கும், பாஸ்புக்கிலும் பெரும்பாலும் இருக்கும். பெயர் பாதி வெட்டுப்பட்டு யாருக்கு என்றே தெரியாத வரிகளை அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வைத்துச் சேர்த்துவிடலாம்.

டீ, பஸ், காய் எல்லாம் ஜிபேயில்தான் கொடுத்தேன், பாஸ்புக்கில் ஒன்றுமே இல்லை

உங்கள் போனில் யுபிஐ லைட் ஓடுகிறது. அதில் 5,000 வரை போட்டு வைத்து, ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கொடுக்கலாம். பேங்குக்குத் தெரிவது நீங்கள் லைட்டில் பணம் ஏற்றிய ஒரு வரி மட்டும். 2,000 ஏற்றியதும் பாஸ்புக்கில் 2,000 கழியும், அப்புறம் 20, 35, 60 என்று போவது போனில் மட்டும் இருக்கும். லைட்டை இடுப்புச் சுருக்குப் பை மாதிரி ஒரு தனிப் பையாக நினைத்து நோட்டில் தனிப் பத்தி கொடுத்துவிடுங்கள். போனை மாற்றும் முன் லைட்டில் உள்ளதைக் கணக்குக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

சரக்கு விற்ற தொகை ஒன்று, ஏறிய தொகை ஒன்று

எங்கள் பக்கத்தில் அதிகம் நான் உட்கார்ந்து பார்ப்பது இதுதான். வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ சௌசௌ போடுகிறவர், மேல்மலையிலிருந்து வடுகபட்டிக்குப் பூண்டு போடுகிறவர், எல்லோருக்கும் மண்டிச் சிட்டை ஒன்று வரும். உதாரணத்துக்கு ஒரு சிட்டையைப் பார்ப்போம். 20 மூட்டை சௌசௌ, மூட்டை 450. மொத்தம் 9,000. கமிஷன் 900. லாரி வாடகை 800. இறக்குக் கூலி 200. போன மாதம் வாங்கிய முன்பணத்தில் கழிவு 2,000. கணக்கில் ஏறியது 5,100.

நோட்டில் 9,000 வரவு என்று எழுதியவருக்கு 3,900 இடிக்கும். அவர் உடனே பதறி வருவார், சரிசெய்துவிடலாம். 5,100 வரவு என்று எழுதியவருக்கு எதுவும் இடிக்காது, பாஸ்புக்கோடு கச்சிதமாக ஒத்துப்போகும். எனக்குக் கவலை இரண்டாமவரைப் பற்றித்தான். விற்கப் போன செலவு 1,900 என்பது அவர் நோட்டில் எங்கேயும் இல்லை. முன்பணத்தில் 2,000 கழிந்ததும் இல்லை. வருடக் கடைசியில் மண்டிக்காரர் "இன்னும் முன்பணம் 6,000 இருக்கு" என்றால், ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று சொல்ல அவரிடம் ஒரு வரியும் இருக்காது. சௌசௌ கட்டுபடியாகிறதா, அந்தப் பந்தலைப் பிரித்துவிட்டு மிளகு ஏற்றலாமா என்று யோசிக்கவும் எண் இருக்காது.

அதனால் ஒரு சிட்டைக்கு ஐந்து வரி எழுதுங்கள். வரவு 9,000. செலவு கமிஷன் 900, வாடகை 800, கூலி 200. முன்பணம் அடைத்தது 2,000. நிகரம் 5,100-க்கு டிக். சிட்டையை அதே பக்கத்தில் ஊசி குத்தி வையுங்கள். சில சிட்டைகளில் மை சீக்கிரம் மங்கிவிடும், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் தவணையும் இதே ஜாதிதான். ஒரு லட்சம் கடன், வட்டி 12 சதவீதம், மாதம் 5,000 கட்டினால் முதல் மாதம் 1,000 வட்டிக்குப் போய் 4,000தான் அசலில் கழியும். "அஞ்சு மாசம் கட்டிட்டேன், 25,000 குறையலையே" என்பவர்கள் வட்டி, அசல் என்று இரண்டு வரியாக எழுதத் தொடங்கினால் இடிப்பு நின்றுவிடும்.

பேங்க் ஒத்துப்போகிறது, கையில் உள்ள பணம் ஒத்துப்போகவில்லை

ஏடிஎம்மில் 5,000 எடுத்ததைச் "செலவு 5,000" என்று எழுதுகிறீர்களா? அதிலிருந்து பறிகூலி 3,200 கொடுத்ததையும் செலவு என்று எழுதினால் மாதச் செலவு 8,200 ஆகிவிடும். எடுத்தது செலவல்ல, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது. நோட்டில் பேங்க், கை என்று இரண்டு பத்தி போட்டு, பேங்கில் 5,000 கழித்து கையில் 5,000 ஏற்றுங்கள். குழுச் சந்தா, கோயில் வரி, கல்யாண மொய் எல்லாம் கைப் பத்தியில்தான் போகும். மொய்யை மறப்பதால் இடிக்கும் மாதங்கள் வைகாசியிலும் ஆவணியிலும் நிறைய உண்டு. மொய் எழுதிய அன்றே பஸ்ஸில் திரும்பும்போது போனில் குறித்துவிடுங்கள்.

அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், கணக்கில் வரவில்லை

ஆதார் வழியாக வரும் பணம், பிஎம் கிசான் போன்றவை, நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் போகும். நகைக்கடனுக்காகவோ குழுக் கடனுக்காகவோ புதிதாகத் திறந்து, ஆதாரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மறந்துபோன கணக்கின் பாஸ்புக்கைத் தேடி எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இருப்பு இருக்கிறது, எடுக்க முடியவில்லை

போட்ட செக் இன்னும் தீரவில்லை, அல்லது பேங்க் ஒரு தொகையைப் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்று, புதுப்பிக்காமல் கணக்கு நின்றிருக்கிறது. "எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு, ஏன் குறைவு" என்று கவுண்டரில் இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை

இந்த இடத்தில்தான் "இதர செலவு" என்று ஒரு வரி எழுதி ஒத்துப்போக வைக்கத் தோன்றும். நானும் ஒரு தடவை அப்படி எழுதினேன், 64 ரூபாய்க்கு. சின்னத் தொகைதானே என்று விட்டேன். அதற்குள் இரண்டு பெரிய தொகைகள் ஒளிந்திருந்தன. நாங்கள் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒரு தவணை 1,564 தானாகக் கழிந்திருந்தது. என் தங்கை திருப்பித் தந்த கைமாற்று 1,500-ஐ எழுத மறந்திருந்தேன். ஒன்றை ஒன்று மறைத்து 64-ஆக நின்றன. அந்தத் தவணை இன்னும் மூன்று மாதம் கழிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து, இடிப்பது 5 ரூபாயாக இருந்தாலும் எல்லா வரிக்கும் டிக் விழுந்ததா என்று பார்க்காமல் நான் மூடுவதில்லை.

டிக் எல்லாம் விழுந்தும் இடித்தால், அதை இதர செலவு என்று சொல்லாமல் "தெரியாத வித்தியாசம்" என்று சிவப்பு மையில், தொகை, தேதி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கோடு போட்டு அடுத்த மாதத்தைத் தொடங்குங்கள். மாதாமாதம் அந்த வரியை மேலே எடுத்து எழுதுங்கள். அது கூடாமல் குறையாமல் அப்படியே நின்றால் தவறு பழையது, புதிதாக எதுவும் கசியவில்லை என்று தெரியும்.

எங்கள் வீட்டு நோட்டில் டிசம்பரில் அப்படி 350 ரூபாய் நின்றது. பாஸ்புக்கில் வெட்டுப்பட்ட ஒரு பெயருக்குப் போயிருந்தது, யாருக்கென்று இருவருக்கும் நினைவில்லை. பரிமாற்ற எண் என் போனிலும் இல்லை, வீட்டுக்காரர் அதற்குள் போனை மாற்றியிருந்தார். ஜனவரி, பிப்ரவரி என்று சிவப்பு வரியை எடுத்து எழுதினேன். பிப்ரவரி நடுவில், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை வாடகைக்கு விடும் அண்ணன் பாக்கி வாங்க வந்தார். "மொத்தம் 1,350 தங்கச்சி, அதுல 350 டிசம்பர்லயே மாப்ள ஜிபேல போட்டுட்டாரு, இன்னும் ஆயிரம்தான்" என்றார். நோட்டை எடுத்து வந்து, டிசம்பர் பக்கத்தில் சிவப்பு வரியை அடித்து, பல்பர் வாடகை 350 என்று எழுதி, அவர் போனில் இருந்த 12 இலக்க எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, மீதி ஆயிரத்தை எடுத்துக் கொடுத்தேன்.